பொறுப்புக்கு வந்தபின் எதைப் படிப்பது? ஆலை மேற்பார்வையாளர்களுக்கான நான்கு வழிகள்

அம்பத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களில் டிப்ளமோவோ பட்டமோ முடித்து ஆலையில் சேர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஷிஃப்ட் இன்சார்ஜாகவோ துணை மேலாளராகவோ உயர்ந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "இதற்கு மேல் எதையாவது படித்தாக வேண்டும் என்று தெரிகிறது. எதைப் படிப்பது?" தொலைநிலையில் எம்.பி.ஏ. சேரச் சொல்கிறார் ஒருவர். பெரிய மேலாண்மைக் கல்வி நிறுவனத்தின் சான்றிதழ் இருந்தால்தான் மதிப்பு என்கிறார் இன்னொருவர். இணையத்திலேயே எல்லாம் கிடைக்கிறதே, எதற்குச் செலவு என்கிறார் மூன்றாமவர். ஆலைக்குள்ளேயே கற்பதற்கு நிறைய இருக்கிறது என்று சொல்பவரின் குரல் இவற்றுக்கிடையே பெரும்பாலும் கேட்பதேயில்லை.

தேவையைப் பற்றி ஐயமில்லை. 2020 ஏப்ரல் 1 அன்று வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் நாடு பி.எஸ்.4-இலிருந்து பி.எஸ்.5-ஐத் தாண்டி நேரடியாக பி.எஸ்.6-க்குப் போனபோது, உதிரிபாக ஆலைகளில் வரைபடங்களும் சோதனை முறைகளும் மாறின. 2025 நவம்பர் 21 முதல் 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. நியமனக் கடிதம், ஓவர்டைம், ஒப்புதலோடு பெண்கள் இரவு ஷிஃப்டில் வேலை செய்வது ஆகியவற்றைப் பற்றித் தொழிலாளி முதலில் வந்து கேட்பது ஹெச்.ஆர். அலுவலகத்தில் இல்லை, தன் இன்சார்ஜிடம்தான். அவர் பழைய விடையையே சொல்லிக்கொண்டிருந்தால் அந்தத் தவறின் விலையைக் கொடுப்பவர் லைனில் நிற்பவர். பொறுப்பில் இருப்பவரின் படிப்பு அவருடைய சொந்த விஷயமாக மட்டும் இருந்துவிட முடியாது என்று நான் கருதுவது இதனால்தான். கீழே வரும் ஒப்பீடும் அந்தக் கண்ணோட்டத்திலேயே அமைந்திருக்கிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது நேரம். கட்டண விவரத்தைத் துருவித் துருவிப் பார்ப்பவர்கள்கூட வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்று கணக்கிடுவதில்லை. ஷிஃப்ட் வாரந்தோறும் மாறுகிறவருக்கு, மாலை ஏழு மணி வகுப்பு மூன்று வாரத்தில் ஒரு வாரம் கட்டாயம் தவறிப்போகும்.

இரண்டாவது பணம். கட்டணம், பயணம், தங்கும் செலவு, இழக்கும் ஓவர்டைம் ஆகியவற்றோடு, நிறுவனம் பணம் தந்தால் அதற்கு ஈடாகக் கேட்கும் பாண்டையும் (இத்தனை காலம் வேலையை விட்டு விலகமாட்டேன், விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) இதில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது சான்றிதழ் எந்தக் கதவைத் திறக்கும் என்பது. பதவி உயர்வு விதிகளில் பட்டம் கட்டாயம் என்று எழுதியிருக்கும் நிறுவனத்தில் திறமை மட்டும் போதாது. அப்படி எதுவும் எழுதாத நிறுவனத்தில் அதே பட்டத்துக்குப் பெரிய மதிப்பிராது.

நான்காவது, கற்றதை எவ்வளவு விரைவில் சொந்த வேலையில் செய்து பார்க்க முடியும் என்பது. கற்றது முதல் நாளிலேயே பெருமளவு மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மீது நடத்திய சோதனைகளால் காட்டினார். திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே நிலைக்கிறது.

ஐந்தாவது, நீங்கள் கற்பதில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கு என்ன போய்ச் சேரும் என்பது. தனியாளாக வேலை செய்பவர் இதைக் கேட்க வேண்டியதில்லை. முப்பது பேரை நடத்துபவர் கேட்டாக வேண்டும். நான் மிகுந்த எடை கொடுப்பது கடைசி இரண்டுக்கும்தான். மூன்றாவதை முதலில் வைக்க வேண்டிய சூழ்நிலைகளும் உண்டு. அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

## தொலைநிலை எம்.பி.ஏ.

எடுத்துக்காட்டாக, 1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ.வைப் பார்ப்போம். குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் நான்கு ஆண்டு. மொத்தக் கட்டணம் ஒரு லட்சம் ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. வார இறுதிப் படிப்புகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த நிறுவனங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் தரும் பட்டங்கள் நேரடி வகுப்பில் பெறும் பட்டங்களுக்கு இணையானவை என்று அக்குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருப்பதால், பட்டத்தின் செல்லுபடி பற்றிய பழைய அச்சம் இப்போது தேவையில்லை. சேர விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு அந்த ஆண்டுக்கும் அந்தப் படிப்புக்கும் அங்கீகாரம் உண்டா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு நேரத்தில் இருக்கிறது. இந்த எம்.பி.ஏ. 116 கிரெடிட் கொண்டது. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அப்பல்கலைக்கழகத்தின் கணக்கு. அப்படியானால் மொத்தம் 3,480 மணி நேரம். இரண்டே ஆண்டுகளில் முடிக்க நினைத்தால் வாரத்துக்கு 33 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். நான்காண்டுக்குப் பரப்பினாலும் வாரத்துக்கு 17 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டும் போக்குவரத்தும் போக இந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசாமல் சேர்பவர்களே பாதியில் நிறுத்துகிறார்கள். அல்லது விடையோடு கடையில் விற்கும் ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) வாங்கி, பார்த்து எழுதி அனுப்பிவிட்டுத் தேர்வை மட்டும் எழுதுகிறார்கள். இரண்டாவது வகையினர் கையில் பட்டம் வந்துசேரும். ஆனால் நிதியறிக்கையைப் படிக்கும் பழக்கம் வந்திருக்காது.

இன்னொரு தடையும் உண்டு. எம்.பி.ஏ.வில் சேர இளநிலைப் பட்டம் தேவை. டிப்ளமோ மட்டும் முடித்த சூப்பர்வைசர் நேரடியாகச் சேர முடியாது என்பது விண்ணப்பம் நிரப்பும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அவர்களுக்கு முதல் படி பகுதிநேரப் பி.இ. போன்ற ஒரு பட்டப் படிப்பு. கோவையில் பணியிலிருக்கும் டிப்ளமோதாரர்களுக்காக மாலைநேரப் பி.இ. வகுப்புகள் பல்லாண்டுகளாக நடந்துவந்திருக்கின்றன. அதற்கும் எம்.பி.ஏ.வுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆறேழு ஆண்டுகள் ஆகலாம்.

பதவி உயர்வு விதியில் முதுநிலைப் பட்டம் எழுத்தில் கேட்கப்படுமானால் இதுவே சரியான வழி. உற்பத்தியிலிருந்து கொள்முதலுக்கோ விற்பனைக்கோ மாற நினைப்பவருக்கும் இது பொருந்தும், ஏனெனில் கணக்கு, நிதி, சந்தை என்று அவருக்குப் பழக்கமில்லாத துறைகள் அனைத்தையும் ஒருமுறை சுற்றிக்காட்டும் படிப்பு இது. அடுத்த மாதம் லைனில் ரிஜெக்‌ஷன் குறைய வேண்டும் என்பது நோக்கமானால் இதிலிருந்து அதை எதிர்பார்க்க வேண்டாம்.

## வார இறுதிப் படிப்பும் குறுகிய நிர்வாகப் பயிற்சியும்

இரண்டையும் ஒரே பெயரில் குறிப்பிடுவதால் குழப்பம் வருகிறது. 2011-இல் தொடங்கப்பட்ட திருச்சி ஐ.ஐ.எம்., பணியிலிருப்பவர்களுக்காகச் சென்னையில் வார இறுதிகளில் நடத்தும் இரண்டாண்டுப் படிப்பு ஒரு வகை. மூன்று முதல் ஐந்து நாள் நடக்கும் தலைமைப்பண்புப் பயிற்சி இன்னொரு வகை. முன்னதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். பின்னதற்கு ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தொடும் கட்டணம் உண்டு. பட்டம் தராத இத்தகைய பயிற்சிகளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரும். விளம்பரத்தில் அச்சிட்டிருக்கும் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வழியின் உண்மையான பயன் வகுப்புத் தோழர்கள். வங்கியிலிருந்தும் மென்பொருள் நிறுவனத்திலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வருபவர்களோடு ஒரே சிக்கலை விவாதிக்கும்போது, "எங்கள் துறையில் இப்படித்தான்" என்று நாம் நம்பிக்கொண்டிருந்தவை கேள்விக்குள்ளாகின்றன. இதைத் தனியாகப் படித்துப் பெற முடியாது. அதற்குக் கொடுக்கும் விலை சனி, ஞாயிறு. ஆறு நாள் வேலை உள்ள ஆலைக்காரருக்குச் சனிக்கிழமை வேலைநாள் என்பதை இந்தப் படிப்புகளை வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை. நிரந்தரமாக ஒரு ஷிஃப்டை மாற்றிக்கொடுக்கச் சம்மதிக்கும் மேலாளர் இல்லாமல் இதில் இறங்குவது வீண்.

மூன்று நாள் பயிற்சியைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. திரும்பி வந்ததும் செய்து பார்க்க ஒரு வேலை காத்திருந்தால் அது பயன் தரும். இல்லையெனில் நல்ல சாப்பாடும் ஒரு குழுப் புகைப்படமும் மிஞ்சும். பல ஆலைகளில் ஆண்டின் பயிற்சி நிதி தீர வேண்டும் என்பதற்காகவே மார்ச் மாதத்தில் ஆள் அனுப்புகிறார்கள். அப்படி வரும் வாய்ப்பை மறுக்க வேண்டியதில்லை, ஆனால் அதைத் தொடர்கல்வி என்று எண்ணிக்கொண்டு வேறு வழியை நிறுத்திவிடக் கூடாது.

## என்பிடெல், சுவயம்

ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம் 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. ஒன்றிய அரசின் இணையவழிக் கல்வித் தளமான சுவயம் 2017-இல் வந்தது. 4, 8, 12 வாரப் படிப்புகள் உள்ளன. சேர்வதும் காணொளி பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் ஒரு படிப்புக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். வாராந்தர ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 என மதிப்பெண். ஒப்படைப்பில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியே எடுத்தால்தான் தேர்ச்சி. நேரில் எழுதும் தேர்வு என்பதால் இந்தச் சான்றிதழுக்கு ஒரு நம்பகத்தன்மை இருக்கிறது.

பிழைகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறை, விநியோகச் சங்கிலி, புள்ளியியல் வழித் தரக்கட்டுப்பாடு போன்ற கணக்கு சார்ந்த பாடங்களுக்கு இதைவிட மலிவான, தரமான வழி நாட்டில் இல்லை. வாடிக்கையாளர் ஆடிட்டில் "சிபிகே எவ்வளவு?" என்று கேட்கும்போது, பாகங்கள் குறித்த அளவு வரம்புக்குள் எவ்வளவு சீராக வருகின்றன என்று காட்டும் அந்த எண்ணை மட்டும் ஒப்பிக்காமல், அந்த எண் ஏன் இறங்கியது என்று விளக்க விரும்பும் இன்சார்ஜுக்கு எட்டு வாரம் போதுமானது.

ஆட்களை நடத்தும் கலையை இதில் தேடுபவர் ஏமாறுவார். இரண்டு ஆபரேட்டர்களுக்கு நடுவே மூண்ட பகையைத் தீர்ப்பதற்குப் பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒப்படைப்பு உதவாது. ஆங்கில விரிவுரைகளைத் தொடர்வதில் சிரமப்படுபவர்கள், சில பாடங்களுக்குத் தமிழில் மொழிபெயர்த்த பாட எழுத்துரை கிடைப்பதைத் தேடிப் பார்க்கலாம். நான்காம் வாரத்தில் ஒப்படைப்பைத் தவறவிட்டு அப்படியே விட்டுவிடுவதுதான் இந்த வழியின் பெரிய ஆபத்து. ஒரே ஆலையிலிருந்து இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போவார்கள்.

## ஆலைக்குள்ளேயே கற்பது

இதற்குச் சான்றிதழ் கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பழகிய தொழிலாளர்கள் படைக்குப் போய்விட, புதியவர்களைக் கொண்டு ஆலைகளை நடத்த வேண்டிய நெருக்கடி அமெரிக்காவுக்கு வந்தது. அப்போது சூப்பர்வைசர்களுக்கென்றே டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி, அதாவது ஆலைக்குள் பயிற்சி) என்ற திட்டத்தை 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு நடத்தியது. பத்துப் பேர் கொண்ட குழு, இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, மொத்தம் பத்து மணி நேரம். வேலையைக் கற்றுக்கொடுப்பது, வேலை செய்யும் முறையைத் திருத்துவது, ஆட்களோடு உறவைப் பேணுவது என மூன்று தனித்தனிப் பயிற்சிகள். ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் பிரிவிலிருந்து ஒரு வேலையைக் கொண்டுவந்து அங்கேயே செய்துகாட்ட வேண்டும். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. டொயோட்டாவின் பயிற்சி முறைக்கு இது ஓர் அடிப்படை.

இதில் என்ன இருக்கிறது என்பதை கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு சி.என்.சி. எந்திரத்தின் முன் நின்று பார்த்தால் புரியும். புதிதாக வந்த பையனுக்கு, பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்‌ஸரில் பாகத்தை ஏற்றுவது எப்படி என்று இன்சார்ஜ் ஒருமுறை வேகமாகச் செய்துகாட்டி, "புரிஞ்சுதாப்பா?" என்கிறார். பையன் "புரிஞ்சுது சார்" என்று தலையாட்டுகிறான். மாலையில் துளையின் இடம் விலகிய பாகங்கள் ஒரு தட்டு நிறைய வந்து நிற்கின்றன. டி.டபிள்யூ.ஐ. முறைப்படி கற்பிப்பவர் வேலையை முதலில் படிகளாகப் பிரித்து எழுதிக்கொள்வார். ஒவ்வொரு படியிலும் முக்கியமான ஒரு புள்ளியையும் அதற்கான காரணத்தையும் குறிப்பார்: "கிளாம்ப் போடுமுன் பாகம் உட்காரும் முகத்தைத் துடைக்க வேண்டும். அங்கே ஒரு சிறு இரும்புச் சீவல் இருந்தாலும் பாகம் தூக்கிக்கொள்ளும், துளை விலகும்." பிறகு பையனையே செய்யவைத்து, செய்யும்போதே படியையும் புள்ளியையும் காரணத்தையும் அவன் வாயால் சொல்லவைப்பார். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று இவருக்கு உறுதியாகும்வரை அது தொடரும். "கற்பவன் கற்கவில்லை என்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை" என்பதே இந்தப் பயிற்சியின் அடிப்படைக் கொள்கை. அதை ஏற்றுக்கொள்ளும் இன்சார்ஜ் அன்றிலிருந்து வேறொரு ஆளாகிறார். முன்னர் "பசங்க சரியில்லை" என்று முடித்துவிட்ட இடத்தில், தன் விளக்கத்தில் எது விட்டுப்போயிற்று என்று தேடத் தொடங்குகிறார்.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் மேலாண்மைக் கல்வியாளர் ரெக் ரெவன்ஸ் வேறொன்றைச் செய்தார். சுரங்க மேலாளர்களைச் சிறு குழுக்களாக்கி, ஒருவர் சுரங்கத்துக்கு மற்றவர் சென்று பார்த்து, தீராத சிக்கல்களைப் பற்றி ஒருவரையொருவர் கேள்வி கேட்கவைத்தார். நிபுணரை அழைத்து உரை கேட்பதைவிட இது பலன் தரும் என்பது அவர் நம்பிக்கை. நம் நாட்டிலும் இந்த மரபு உண்டு. ஹைதராபாத் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) ஆலையில் 1980-இல் தரவட்டங்கள், அதாவது தம் வேலையின் தரச் சிக்கல்களைத் தொழிலாளர்களே கூடித் தீர்க்கும் சிறு குழுக்கள், தொடங்கின. தமிழ்நாட்டில் சுந்தரம் கிளேட்டன் 1998-லும் டி.வி.எஸ். மோட்டார் 2002-லும் தர மேலாண்மைக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசு பெற்றன; அந்தப் பரிசுக்கு அடிப்படையான முழுமைத் தர மேலாண்மையின் உயிர்நாடி, மேலிருந்து கீழ்வரை எல்லா மட்டத்தினரும் தம் சொந்தச் சிக்கலை எடுத்துக் கற்றுக்கொண்டே தீர்ப்பதுதான். 2007-இல் ஜப்பானியப் பேராசிரியர் ஷோஜி ஷிபாவின் வழிகாட்டலில் தொடங்கிய உற்பத்தித் துறைத் தலைவர்களுக்கான பயிற்சியும் ஆலைத் தளத்தையே வகுப்பறையாக்கியது. அவருக்கு 2012-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இந்த வழியிலும் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. மாதக் கடைசி வாரத்தில் டிஸ்பாட்ச் நெருக்கடி வந்ததும் முதலில் ரத்தாவது இந்தக் கூட்டங்கள்தான். ஆலையில் தவறான பழக்கம் ஊறியிருந்தால் அதுவே அடுத்தவருக்கும் போய்ச் சேரும், வெளிக்காற்று வராது. போட்டிக்காகப் படங்கள் ஒட்டி அலங்கரித்த தரவட்டக் கோப்பு ஒருபுறமும், மாறாத ரிஜெக்‌ஷன் எண் மறுபுறமுமாக இருக்கும் ஆலைகளும் இருக்கின்றன. வேலை மாறும்போது காட்டுவதற்குத் தாள் எதுவும் கையில் இராது என்பதும் உண்மை. நீங்கள் செய்த மாற்றத்தின் முன்னும் பின்னுமான எண்களைத் தேதியோடு குறித்துவைத்துக்கொள்வது இதற்கு ஓரளவு ஈடாகும்.

வெளிக்காற்றுக்கு, 1956 முதல் இயங்கும் மெட்ராஸ் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் போன்ற அமைப்புகளின் மாலைக் கூட்டங்கள் உதவும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தொலைநிலை எம்.பி.ஏ. | வார இறுதி / குறுகிய பயிற்சி | என்பிடெல் | ஆலைக்குள் |
|---|---|---|---|---|
| நேரம் | நான்காண்டில் முடித்தாலும் வாரம் 17 மணி | இரண்டாண்டு வார இறுதிகள். அல்லது 3–5 நாள் | 4–12 வாரம், வாரம் சில மணி | பத்து மணி நேரத்தில் தொடங்கலாம் |
| பணம் | ஒரு லட்சத்துக்குள் | பல லட்சம். குறுகியதற்கு ஆயிரங்கள் முதல் | ஏறத்தாழ ஆயிரம் | கட்டணம் இல்லை. உற்பத்தி நேரம் போகும் |
| சான்றிதழ் | பட்டம் | நிறுவனப் பெயருக்கு மதிப்பு | துறை சார்ந்த மதிப்பு | இல்லை |
| வேலையில் சோதிப்பது | மெதுவாக | காத்திருக்கும் வேலையைப் பொறுத்து | கணக்குப் பாடங்களில் உடனே | அன்றே |
| குழுவுக்குப் போய்ச் சேர்வது | குறைவு | குறைவு | நடுத்தரம் | மிகுதி |
| மறைந்த தடை | டிப்ளமோ மட்டும் போதாது | சனிக்கிழமை வேலைநாள், வரி, பாண்ட் | வாராந்தரக் கெடு, ஆங்கிலம் | மேலாளரின் ஆதரவு |

## யாருக்கு எது

புதிதாக இன்சார்ஜ் ஆனவருக்கு முதல் ஆண்டில் ஆலைக்குள் கற்பதே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. ஆட்களை நடத்தவும் கற்பிக்கவும் பழகாதவர் எம்.பி.ஏ. பாடத்தில் தலையைக் கொடுத்தால், ஷிஃப்டும் கெடும், படிப்பும் நிற்காது. இரண்டாம் ஆண்டில் தனக்கு எந்தக் கணக்கு இடறுகிறதோ அதற்கு ஓர் என்பிடெல் படிப்பு. துணை மேலாளர் நிலையில் நின்றுவிட்டவர், தன்னைத் தடுப்பது பட்டமா என்பதை ஹெச்.ஆர்.-இடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆம் என்றால் தொலைநிலை எம்.பி.ஏ.வில் சேரலாம், அப்போது மூன்றாவது அளவுகோல் மற்ற நான்கையும் முந்தும். பல துறைகளை ஒருசேரப் பார்க்கும் ஆலைத் தலைமைப் பொறுப்புக்கு அருகில் இருப்பவருக்கே வார இறுதிப் படிப்பின் பெரிய செலவு ஈடாகும். பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டிலோ வீட்டில் நோயாளி இருக்கும்போதோ நெடும் படிப்பைத் தள்ளிப்போடுவதில் எந்தத் தாழ்வும் இல்லை.

## நிறுவனம் பணம் தருவதானால்

பாண்ட் பத்திரத்தை முழுதும் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். விஜயா வங்கி வழக்கில், மூன்றாண்டு முடியுமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற பணி நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. "கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடும் காலம் போய்விட்டது. ஆகவே தொகை எவ்வளவு, காலம் எப்போதிலிருந்து கணக்கிடப்படும், வேலை செய்த மாதங்களுக்கேற்பத் தொகை குறையுமா, நிறுவனமே வேலையை விட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வகுப்பு நாட்கள் பணிநாட்களாகக் கணக்கிடப்படுமா, விடுப்பில் கழியுமா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும்.

உங்களை அனுப்பும் மேலாளரிடம் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. திரும்பி வந்தபின் கற்றதைச் செய்து பார்க்க எந்த லைனைத் தருவார், எத்தனை மாதத்துக்குத் தருவார்? அதற்குத் தெளிவான விடை வராவிட்டால் அந்த இடத்தை இந்த முறை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்து, விடை கிடைத்தபின் அடுத்த குழுவில் சேர்ந்துகொள்ளலாம்.